பச்சை மைக்குக்கு வயசு என்ன?

ஒரு நேயர் நாலு போட்டோ அனுப்பியிருக்கார். கைக்குள்ள அடங்குற ஒரு பச்சை மைக். முன்பக்கம் கம்பி வலை, பின்பக்கம் புல்லட் மாதிரி உருண்டு குறுகிப் போகும். அவர் கேள்வி இதுதான்: "அண்ணா, விக்கிறவர் இது 1952ல செஞ்சதுன்னு சொல்றார். மத்த பழைய பீஸுக்குக் கேக்கறதைவிட ரெண்டு மடங்கு விலை. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பணம் அனுப்பணும். அனுப்பலாமா?"

1952க்கு ஏன் இவ்வளவு மவுசு? அந்த வருஷம் மே 12ஆம் தேதி, சிகாகோவில் லிட்டில் வால்ட்டர் 'ஜூக்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். மவுத்தார்கனையும் மைக்கையும் ஒண்ணாச் சேர்த்து ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து வாசிக்கிற அந்தத் தடிச்ச, கரகரப்பான சத்தத்தை ஊரறியச் செய்த இசைத்தட்டு அது. அதனால அந்த வருஷத்து மைக்னு சொன்னாலே விலை ஏறிடும்.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த மைக் மவுத்தார்கனுக்காகப் பிறந்ததே இல்லை. ஷூர் கம்பெனி 'கிரீன் புல்லட்' 520ஐ 1949ல் கொண்டு வந்தது பேச்சுக்காக. தகவல் சொல்லவும் அறிவிப்பு செய்யவும் பயன்பட்ட சாமான். மலிவா, கெட்டியா இருந்ததால வாசிக்கிறவங்க கையில போய்ச் சேர்ந்தது. அப்ப விக்கிறவர் சொல்றதுக்கு வாய்ப்பு இருக்கு. 1949ல் வந்த மாடல் 1952லயும் செய்திருப்பாங்கதானே? இனி மைக்கையே கேட்டுப் பார்க்கணும்.

முதல் போட்டோவில் பெயர்ப்பட்டை. 'ஷூர் பிரதர்ஸ்', அதுக்குக் கீழே 'எவன்ஸ்டன், இல்லினாய்'. எனக்குப் பாதி பதில் இங்கேயே கிடைச்சிடுச்சு. ஷூர் கம்பெனி 1925ல் சிகாகோவில் தொடங்கினது. பக்கத்து ஊரான எவன்ஸ்டனுக்கு அவங்க குடிபோனது 1956ல். 1952ல் செய்த மைக்கில், நாலு வருஷம் கழிச்சுப் போகப்போற ஊர் பேரை யாரும் அடிச்சு வைக்க மாட்டாங்க. ஒண்ணு, இந்தக் கூடு 1956க்குப் பிறகு வந்தது. இல்லைன்னா பட்டை பிற்பாடு மாத்தினது. எதுவா இருந்தாலும் '1952'ன்னு விலை சொல்ல இந்தப் பட்டை உதவாது.

இதே வேலைக்கு இன்னும் ரெண்டு துப்பு உண்டு. பெட்டியோ, கூட வந்த காகிதமோ கையில இருந்தா முகவரியில் ஜிப் கோடு இருக்கான்னு பாருங்க. அமெரிக்காவில் ஜிப் கோடு வந்தது 1963ல். அது இருந்தா காகிதம் அதுக்கு முந்தினது இல்லை. இல்லாட்டி ஒண்ணும் நிரூபணம் ஆகாது, பழைய காகிதத்தைத் தீர்த்திருப்பாங்க. இன்னொண்ணு, காப்புரிமை எண். அமெரிக்கக் காப்புரிமை 20 லட்சத்தைத் தொட்டது 1935ல், 30 லட்சத்தைத் தொட்டது 1961ல். 30 லட்சத்துக்கு மேல எண் இருந்தா, அது ஐம்பதுகளின் பொருள் இல்லை. அதுக்குக் கீழே இருந்தா பழசுன்னு அர்த்தமும் இல்லை. ஒரே எண்ணை வருஷக்கணக்கா அடிச்சிட்டே இருப்பாங்க.

மூணாவது போட்டோதான் எனக்குப் பிடிச்சது. மைக்கின் அடியில் ஒரு வால்யூம் குமிழ். அந்தக் காலத்து 520ல வால்யூம் கிடையாது. தொண்ணூறுகளில் வந்த 520 டி.எக்ஸ்.லதான் கம்பெனியே வச்சுக் கொடுத்தது. அப்ப இதை யாரோ துளை போட்டு வச்சிருக்காங்க. எப்போ? கன்ட்ரோலின் முதுகில் 1377214ன்னு எண். முதல் மூணு எண் செய்தவரைச் சொல்லும், 137ன்னா சி.டி.எஸ். கம்பெனி. அடுத்த ரெண்டு வருஷம், கடைசி ரெண்டு வாரம். 1972, 14வது வாரம். பழைய கிட்டார், ஆம்ப்ளிஃபயர் வாங்குறவங்களுக்கு இது மனப்பாடம்.

ஆறு எண் மட்டும் இருந்தா சிக்கல். அதுல வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான். 137620ன்னு இருந்தா வருஷம் 6. அது 1956ஆ, 1966ஆ? வேற துப்போட சேர்த்துத்தான் முடிவு பண்ணணும். இங்கே ஏழு எண் இருக்கறதால பிழைச்சோம்.

ஆனா இந்த 1972 மைக்கின் பிறந்த வருஷம் இல்லை, அந்த கன்ட்ரோலின் பிறந்த வருஷம். அது கடை டிராயரில் பத்து வருஷம் கிடந்துட்டு அப்புறம் ஏறியிருக்கலாம். 1972, 14வது வாரத்துக்கு முன்னாடி துளை போட்டு இதை வச்சிருக்க முடியாது, அவ்வளவுதான் சொல்லலாம்.

சத்தம் எங்கே இருந்து வருது? உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜில் இருந்து. கடைசி போட்டோவில் அதன் முதுகு தெரியுது: கருப்பு லேபிள், 'கன்ட்ரோல்ட் ரிலக்டன்ஸ்'. பிற்பாடு வந்தவற்றில் 'கன்ட்ரோல்ட் மேக்னடிக்'ன்னு இருக்கும். வாசிக்கிறவங்க தேடி அலையறது இந்தக் கருப்பு லேபிளைத்தான். ஆனா ரெண்டு ஒயர் சால்டரிங் எடுத்தா கார்ட்ரிட்ஜ் கழண்டு வந்துடும். வேற மைக்கில் இருந்து இங்கே வந்திருக்கலாம். சால்டர் வச்ச இடத்தில் திரும்பச் சூடு காட்டின தடயம் இருக்கான்னு கிட்டத்தில் ஒரு போட்டோ கேளுங்க.

ஆக தம்பி, 1952க்கான விலையைக் கொடுக்காதீங்க. விக்கிறவர் ஏமாத்துறார்னு நான் சொல்லலை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் வித்திருப்பாங்க. எவன்ஸ்டன் பட்டையைக் காட்டி, பிற்பாடு துளை போட்ட, நல்ல கார்ட்ரிட்ஜ் இருக்கிற 520க்கு என்ன விலையோ அதைப் பேசுங்க. வாசிக்கத்தானே வாங்கறீங்க? அப்ப அந்தக் குமிழ் உங்களுக்கு வசதிதான். ஷோகேஸில் வைக்கிறவருக்குத்தான் துளை குறை.

இதே நேயர், இது அமையலைன்னா அஸ்டாட்டிக் ஜே.டி.-30 பார்க்கட்டுமான்னும் கேட்டிருக்கார். அதுவும் பேர்போன மைக்தான். ஆனா அதன் பழைய கார்ட்ரிட்ஜ் காந்தம் இல்லை, ரோஷெல் உப்பில் செய்த படிகம். உப்புன்னா தண்ணியில கரையற உப்பேதான். ஈரக்காத்து அதுக்கு ஆகாது. 55 டிகிரி செல்சியஸ் தாண்டினாலும் கெட்டுடும். வெயில்ல நிறுத்தின காருக்குள்ள ஒரு மதியம் போதும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் வச்சுக் காப்பாத்தறது பெரும்பாடு. ஐம்பதுகளின் ஜே.டி.-30 இன்னிக்கும் கணீர்னு பேசுதுன்னா, உள்ளே படிகம் மாத்தியிருக்காங்களான்னு முதல்ல கேளுங்க. மாத்தியிருந்தா நல்லதுதான், ஆனா அதுக்கு ஒரிஜினல் விலை கேட்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ரெண்டு நிமிஷம் பேசி, வாசிச்சு, வீடியோ அனுப்பச் சொல்லுங்க. சத்தம் சன்னமா, அடித்தளமே இல்லாம வந்தா உப்பு சோர்ந்து போச்சுன்னு சந்தேகப்படலாம். அப்ப புதுக் கார்ட்ரிட்ஜ் காசையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டுப் பேரம் பேசுங்க.