உரோமையர் ஆட்சி: ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையை மதிப்பிடல்



பண்டைய உரோமையர் ஆட்சிமுறை பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையைப் படிப்போர், அது பதவிகளின் பட்டியலாகவே நின்றுவிடுகிறதா என்று நோக்க வேண்டும். ஆண்டுக்கு இரு கான்சல்கள், செனட் அவை, மக்கள் மன்றங்கள், டிரிபியூன்கள் எனப் பெயர்களை அடுக்குதல் எளிது. அதிகாரம் எவர் கையில் இருந்தது என்று காட்டுவதே அரிது.

கான்சல்களை மக்களே தேர்ந்தனர் என்பது உண்மை. ஆயின் அம்மன்றத்தில் முடிவைக் கணக்கிட்டது ஆள்வாரியாக அன்று, குழுவாரியாக. பழைய அமைப்பைப் பற்றி வரலாற்றாசிரியர் டயோனிசியஸ் தரும் கணக்கின்படி மொத்தம் 193 குழுக்கள். குதிரைப்படையினர்க்கு 18, முதல் செல்வ வகுப்பினர்க்கு 80. இவ்விரு சாராரும் ஒன்றுபட்டால் பெரும்பான்மை கிட்டிவிடும். எண்ணிக்கையில் மிகுந்த வறியோர்க்கோ ஒரே குழு. இக்கணக்கை விடுத்து ‘மக்களாட்சி’ என்று மட்டும் எழுதும் கட்டுரை குறையுடையதே.

அடுத்து, காலமாற்றம். ஆட்சியைச் செனட்டிடமும் மக்களிடமும் ஒப்படைத்ததாகக் கூறிக்கொண்ட அகஸ்டஸ், கி.மு. 23-இல் டிரிபியூன் பதவியை ஏற்காமலே அதன் அதிகாரத்தைப் பெற்றார். கான்சல்கள் தொடர்ந்தனர், செனட் கூடியது, பெயர்கள் நிலைத்திருக்கப் பொருள் மாறிற்று.

ஒரு சொல் எக்காலத்தில், எவர் வாயில், என்ன பொருள் தந்தது என்று வினவுவது கவிஞர்க்குப் பழகிய செயல். ‘குடியரசு’ என்னும் சொல்லிடத்தும் அவ்வினாவை எழுப்பும் கட்டுரையே நம்பத்தக்கது.