பாலர் நாவில் இரு மொழி: பகையா, துணையா?

(கீரிமலையில் பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நீதிமன்றில் எம்மொழி, கந்தோரில் எம்மொழி, பல்கலைக்கழகத்தில் எம்மொழி என்று இந்நாட்டிலே நீண்ட காலம் வாதிட்டு வந்திருக்கிறோம். மூன்று வயதுக் குழந்தையோடு எம்மொழியிற் பேசுவது என்ற கேள்வி மேடைக்கு வருவது அரிது. அதுவே அடிப்படைக் கேள்வியாதலின், இன்று அதனையே எடுத்துக்கொள்கின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. நாம் ஆங்கிலத்துக்குப் பகைவர் அல்லோம். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை அழகுறக் கற்கவேண்டும், சிங்களமும் கற்கவேண்டும். கேள்வி, வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எப்போது, எவ்வாறு, எதன்மேல் நின்று என்பதே.

வரலாறு கூறுவது

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தெல்லிப்பழை இருக்கின்றது. 1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து பணி தொடங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. அங்குள்ள பாடசாலையிலும் பின்னர் வட்டுக்கோட்டைச் செமினறியிலும் ஆங்கிலம் கற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தமிழுக்கு மீட்டுத்தந்தவரும் அவரே. ஆங்கிலப் பாடசாலையில் அடியெடுத்து வைக்குமுன் அவர் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் கற்றிருந்தார் என்பதை மறத்தலாகாது. ஆறுமுக நாவலரும் அவ்வாறே. தமிழில் ஊன்றியபின் வெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றார். பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டார். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார். சிறுவர்க்கென்று படிமுறையாகப் பாலபாடங்கள் எழுதினார். இவ்விருவர்க்கும் இரண்டாம் மொழி முதன்மொழியை அழிக்கவில்லை, அதற்குத் துணையாயிற்று.

ஆராய்ச்சி கூறுவது

இரு மொழி பயின்றால் குழந்தையின் மூளை குழம்பும் என்ற அச்சம் ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தது. 1962 இல் கனடாவின் மொன்றியல் நகரில் பீல், லாம்பேட் என்னும் இருவர் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். இரு மொழியிலும் ஒத்த வன்மையுடைய பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் அறிந்தவரிலும் அறிவுச் சோதனைகளில் மேம்பட்டு நின்றனர். அந்த அச்சம் அன்றே ஆட்டங்கண்டது.

ஆனால் 'இரு மொழியிலும் ஒத்த வன்மை' என்ற நிபந்தனையை நாம் நழுவவிடலாகாது. 1976 இல் சுவீடனிற் குடியேறிய பின்லாந்துப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறையப் பத்து வயதுவரை தாய்மொழியிற் கற்றுப் பின் வந்த பிள்ளைகள் சுவீடன் மொழியை நன்கு பற்றிக்கொண்டனர். தாய்மொழி வேரூன்றுமுன் வந்த சிறுவரோ இரு மொழியிலும் இடர்ப்பட்டனர். முந்திக் கற்றவன் முந்துவான் என்ற நம் கணக்கை இது தலைகீழாக்குகின்றது.

காரணம் எளிது. எழுத்தென்பது ஒலிக்குரிய அடையாளம் என்பதைக் குழந்தை ஒருமுறைதான் கண்டுபிடிக்கவேண்டும். கதைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு என்பதையும், மூன்று மாங்காயும் மூன்று கல்லும் எண்ணால் ஒன்றே என்பதையும் ஒருமுறை அறிந்தாற் போதும். விளங்கும் மொழியில் அறிந்ததை மற்றைய மொழிக்குக் கொண்டுசெல்லலாம். விளங்காத மொழியில் மனனம் செய்ததை எங்கும் கொண்டுசெல்ல முடியாது.

கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் ஊறி, உவர்நீரின்மேல் நன்னீராக நிற்கின்றது. ஊறி நிறையுமுன் மிதமிஞ்சி இறைத்தாற் கிணறு உவர்க்கும். ஆங்கிலம் உவர் என்பதன்று நம் கருத்து. ஊறவிடாமல் இறைக்கும் அவசரமே கேடு.

எதிர்வாதம்

"மொன்றியலை அடுத்த சென் லாம்பேட்டில் 1965 இல் ஆங்கிலப் பிள்ளைகளைப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் அமிழ்த்தி வெற்றி கண்டார்களே" என்று கற்றவர் கேட்கலாம். நியாயமான வாதம். ஆனால் அங்கே ஆசிரியர்கள் பிரெஞ்சை இயல்பாகப் பேசியவர்கள். பிள்ளைகள் கூறிய ஆங்கிலமும் அவர்களுக்கு விளங்கிற்று. தொடக்கத்தில் பிள்ளைகள் ஆங்கிலத்திற் பேசியதற்காகத் தண்டிக்கப்படவில்லை. சில ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பும் பாடமாயிற்று. நம் ஊர்களில் 'இங்கிலிஷ் மீடியம்' என்று பலகை தொங்கும் நேர்சரிகளில் இந்நிலைமைகள் உளவா? ஆசிரியைக்கே தடுமாறும் மொழியில் நாலு கட்டளைகளைக் கேட்டு, தண்ணீர் வேண்டுமென்று தமிழிற் கேட்கக் கூசி வாய்மூடியிருக்கும் பிள்ளை எதனைக் கற்கும்? தன் தாயின் பேச்சு தாழ்ந்தது என்ற ஒரே பாடத்தைத்தான் கற்கும்.

சட்டம் போதுமா?

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் தமிழை ஒதுக்கியபோது நம்மவர் எழுந்து நின்றனர். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஆக்கிற்று. அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை தேசிய மொழியிற் கல்வி பெறும் உரிமையைத் தருகின்றது. முன்பள்ளி மேற்பார்வை மாகாண சபைகளுக்குரிய விடயமாயிற்று. உரிமை ஏட்டில் உண்டு. ஆனால் உரிமை வேறு, பயன்பாடு வேறு.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் அரசகரும மொழி, பாடசாலையிற் பாடம். இருந்தும், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டிற் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010 இல் நூற்றுக்கு 3.3 ஆக இருந்து 2020 இல் 2.5 ஆகக் குறைந்தனர். அதனை எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. சட்டம் வாசலைக் காக்கும். தொட்டிலைத் தாயுந் தந்தையுமே காக்கவேண்டும்.

செய்யவேண்டியவை

ஒன்று: ஐந்து வயதுவரை முன்பள்ளியின் முதன்மை மொழி பிள்ளையின் வீட்டு மொழியாக இருக்கட்டும். ஆங்கிலம் பாட்டாகவும் விளையாட்டாகவும், அதனை நன்கு பேசவல்லவர் வாயிலாக நாள்தோறும் சிறிது நேரம் வரட்டும்.

இரண்டு: தமிழிற் பேசியதற்காக எந்தப் பிள்ளையும் ஏசப்படலாகாது. அதே நீதி மறுபுறமும் வேண்டும். 1990 இல் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 க்குப் பின் படிப்படியாக மீண்டனர். கடல் கடந்து சென்றோரின் பேரப்பிள்ளைகளும் இங்கு வருகின்றனர். பிரெஞ்சோ ஜேர்மனோ சிங்களமோ நாவிற்கொண்டு வரும் பிள்ளையை நகையாடலாகாது. அப்பிள்ளை சில மாதம் பேசாதிருப்பது மந்தமன்று. கேட்டுக் கற்கும் காலம். இரு மொழியையும் கலந்து பேசுவது பிழையன்று. இருப்பதைக் கொண்டு கருத்தைச் சொல்லும் திறமை. அதன் மொழியில் நாலு சொல் ஆசிரியை அறிந்துகொண்டால் அப்பிள்ளையின் அச்சம் பாதி நீங்கும்.

மூன்று: வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகள் ஆகியோர் தம் பிள்ளையோடு தமக்கு முழுமையாக வரும் மொழியிற் பேசுக. பாத்தி, வரம்பு, வாய்க்கால், துலா என்று தோட்டத்தில் நின்று பெயர் சொல்லிக் கொடுக்கும் பாட்டனார், அச்சிட்ட படப்புத்தகத்திலும் மேலான ஆசான்.

நான்கு: முன்பள்ளி ஆசிரியைக்குத் தக்க பயிற்சியும் வாழத்தக்க வேதனமும் வேண்டும். அடித்தளம் இடுபவருக்கு அரைவயிற்றுக் கூலி கொடுத்துவிட்டு மாடிக்கு மட்டும் பணம் ஒதுக்கும் வீடு நிலைக்காது. அரசியலாளர் வாக்குக் கேட்டு வரும்போது இதனைக் கேட்டு விடை வாங்குங்கள்.

இந்நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றி, ஊருக்கு ஊர் முன்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் வாயிலாகச் செயற்படுத்துமாறு வேண்டுகின்றோம். நம் பிள்ளைகள் உலகத்தோடு பேசட்டும். அதற்கு முன் தம் வீட்டோடு பேச அறியட்டும்.