சொல்லால் அடைத்த கதவு



சொல்லை எண்ணி எண்ணிச் செலவிடும் புலவர் கூடிய மன்றம் இது. ஓரடியில் ஒரு சீர் மிகுந்தாலும் முகம் சுளிப்போர் இங்குண்டு. சொல்லை மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டுவதையே ஆற்றல் எனக் கொள்ளும் மன்றமும் உலகில் ஒன்றுண்டு. அமெரிக்காவின் மேலவையாகிய செனட் அது.

அங்கே பேச எழுந்த உறுப்பினர், காலும் நாவும் ஓயாதவரை பேசலாம். உட்காரக் கூடாது, அவையை விட்டு அகலக் கூடாது. எடுத்துக்கொண்ட பொருளோடு பேச்சுக்கு உறவு வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் கட்டாயமில்லை. அவர் முடிக்கும்வரை வாக்கெடுப்பு நடவாது. பிடிக்காத சட்டத்தை இவ்வாறு பேசியே சாகடிக்கும் முறைக்குப் பிலிபஸ்டர் என்று பெயர். கொள்ளையரைக் குறித்த டச்சுச் சொல் ஒன்று ஸ்பானிய மொழி வழியே ஆங்கிலம் புகுந்து, 19ஆம் நூற்றாண்டில் இப்பொருளைப் பெற்றது. பெயரிட்டவர் உண்மை பேசியிருக்கிறார்.

அந்நாட்டு அரசியல் சட்டத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. 1806இல் அவை விதிகளைத் திருத்தியபோது, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல வழி தந்த விதி வேண்டாததென்று நீக்கப்பட்டது. அந்த ஓட்டை வழியே யானை புகுந்தது. 1917இல் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் பேச்சை நிறுத்தலாம் என்று ஒரு தாழ்ப்பாள் போட்டனர். அந்த எண்ணிக்கையைத் திரட்டுவதோ குதிரைக்கொம்பாக இருந்தது.

லூயிசியானாவின் ஹூயி லாங் 1935இல் பதினைந்தரை மணி நேரம் பேசினார். அரசியல் சட்டத்தை விளக்கினார். சிப்பி இறைச்சியை எப்படிப் பொரிப்பது என்றும், கீரை வேகவைத்த நீரை எப்படிச் சுவையாக்குவது என்றும் விளக்கினார். சமையற் குறிப்புகள் அவைக் குறிப்பேட்டில் முறைப்படி ஏறின. இறுதியில் அவரைத் தோற்கடித்தது எதிர்க்கட்சி அன்று, அவருடைய சிறுநீர்ப்பை.

இதுவரை சிரிக்கலாம். இனி வருவதற்குச் சிரிக்க இயலாது.

1957 ஆகஸ்ட் மாதம் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குச் சற்றே காப்பளிக்க வந்த சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். உடலின் நீர் வற்றட்டும் என்று முன்கூட்டியே நீராவிக் குளியல் செய்துவந்தவர் அவர். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களைப் படித்தார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என அறிவிக்கும் விடுதலைச் சாற்றுரையையும் படித்தார், சமத்துவத்தைத் தடுப்பதற்காக! அவர் அமர்ந்த சில மணி நேரத்தில் சட்டம் நிறைவேறியது. 2003இல் அவர் மறைந்த பின்னர், இளமையில் தம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த கறுப்பினச் சிறுமியிடம் அவருக்கு ஒரு மகள் பிறந்த செய்தி வெளியாயிற்று. 24 மணி நேரப் பேச்சில் சொல்லாமல் விட்டது அதுவாகும்.

தனி ஒருவரின் பேச்சு சட்டத்தைச் சில மணி நேரம் தாமதப்படுத்தும். ஓரணியாக நின்று பேசினாலோ ஒரு நூற்றாண்டையே விழுங்கிவிடும். கும்பல் கூடி மனிதரைத் தூக்கிலிட்டுக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏறத்தாழ 200 மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. 1922இல் கீழவை ஒன்றை நிறைவேற்றி அனுப்பியது. தென்மாநில உறுப்பினர் செனட்டில் பேசி மாய்த்தனர். 1938இல் வாரக்கணக்கில் பேசி மீண்டும் மாய்த்தனர். 1882 முதல் 1968 வரை இவ்வாறு கொல்லப்பட்டதாகப் பதிவானோர் குறைந்தது 4,742 பேர். இந்தக் கணக்கைத் தருவதும் செனட்தான்: 2005இல் அது நிறைவேற்றிய மன்னிப்புத் தீர்மானத்தில் இது காணப்படுகிறது. மன்னிப்புக் கேட்டவர் யார், கேட்க மறுத்தவர் யார் என்பது பதிவாகாதபடி, குரல் வாக்கெடுப்பில் அத்தீர்மானம் நிறைவேறியது. மறைக்க வேண்டிய இடத்தில் சுருங்கப் பேசவும் அவ்வவை அறியும். சட்டமோ 2022 மார்ச் மாதத்தில்தான் வந்தது. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் பெயரை அதற்குச் சூட்டினர்.

இதை ஒரு கட்சியின் பாவமாக எழுதிவிட்டு நிம்மதியடைய முடியாது. அன்று தடுத்த தென்மாநிலத்தார் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினர். தர்மண்ட் 1964இல்தான் குடியரசுக் கட்சிக்கு மாறினார். சிறுபான்மையாக இருக்கும் கட்சிக்கு பிலிபஸ்டர் சனநாயகத்தின் உயிர்மூச்சு. பெரும்பான்மையானதும் அதுவே சனநாயகத்தின் கழுத்தில் சுருக்கு. 2013இல் ஜனநாயகக் கட்சியினர், பெரும்பாலான நியமனங்களுக்கு அந்தத் தடையை அகற்றினர், மற்றவர் கூச்சலிட்டனர். 2017இல் அந்த மற்றவர் உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கும் அகற்றினர். முன்பு அகற்றியவர் கூச்சலிட்டனர். 2022இல் வாக்குரிமைச் சட்டத்துக்காக விதியை மாற்ற முயன்று தோற்ற கட்சியே, 2025இல் அதே விதியைக் கேடயமாகப் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் 43 நாட்கள் அரசு அலுவலகங்கள் முடங்கின. ஊதியமின்றிப் பணி செய்த விமானக் கட்டுப்பாட்டாளருக்கு எந்தக் கட்சியின் கொள்கை அடுப்பை மூட்டியது என்பதை எவரும் விளக்கவில்லை.

இன்னொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. சொல்லைப் போற்றுவோர் கவனிக்கத்தக்கது அது. 1970களுக்குப் பின் பேசியே தடுக்க வேண்டிய தேவை மறைந்தது. தடுக்கும் எண்ணமுண்டு என்று அறிவித்தாலே போதும். 100 பேர் அவையில் 60 வாக்கு சேராத மசோதா பெரும்பாலும் நகராது. நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுடப்பட்டபின், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விரிவாகச் சோதிக்கும் திருத்தம் ஒன்று 2013 ஏப்ரலில் வந்தது. ஆதரவாக 54, எதிராக 46. திருத்தம் தோற்றது. அதற்காக எவரும் இரவெல்லாம் நிற்கவில்லை. எவரும் நீராவிக் குளியல் செய்யவில்லை. பழைய கொள்ளையராவது தூக்கம் விழித்தனர்.

ஆக, நெடும்பேச்சு இன்று பெரும்பாலும் காட்சிப் பொருளாகிவிட்டது. 2013 செப்டம்பரில் டெட் குரூஸ் 21 மணி நேரத்திற்கு மேல் பேசினார். தொலைக்காட்சியில் பார்க்கும் தம் பெண்மக்களுக்காகக் குழந்தைக் கதைநூல் ஒன்றையும் படித்தார். வாக்கெடுப்பு ஒரு மணித்துளியும் தள்ளிப்போகவில்லை. 2025இல் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசித் தர்மண்டின் சாதனையை முறியடித்தார். நிறவெறியரின் சாதனையைக் கறுப்பினத்தார் ஒருவர் முறியடித்ததில் கவிதை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. முற்போக்காளர் கண்கலங்கினர். ஆயினும் அப்பேச்சும் எந்தச் சட்டத்தையும் தடுக்கவில்லை. தடுக்க முயலவும் இல்லை. கைதட்டல் ஓய்ந்தது, அவை தன் வேலையைத் தொடர்ந்தது.

இத்தனை நெடும்பேச்சுகளை நினைவுகூர்ந்த பின், பேசாத ஒருவரைக் குறிப்பிடாமல் முடிப்பது முறையன்று. 1964இல் குடிசார் உரிமைச் சட்டம் செனட்டுக்கு வந்தது. மார்ச் முதல் ஜூன் வரை பேச்சு ஓடியது. ஜூன் 9ஆம் நாள் மாலை எழுந்த ராபர்ட் பேர்ட் இரவு முழுதும் பேசி, மறுநாள் காலையில்தான் அமர்ந்தார். பின்னாளில் அதற்காக வருந்தியவர் அவர். தொடர்ந்து, பேச்சை நிறுத்தலாமா என்று வாக்கெடுத்தனர். பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தனர். கலிபோர்னியாவின் கிளேர் எங்கிலின் பெயர் வந்தது. மூளையில் கட்டி வந்து பேச்சிழந்த அவரைச் சக்கர நாற்காலியில் கொணர்ந்திருந்தனர். வாய் திறக்க முயன்றார், ஒலி எழவில்லை. ஆங்கிலத்தில் 'ஆம்' என்று வாக்களிக்கும் சொல்லும், கண்ணைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. எங்கில் கையை மெல்ல உயர்த்தித் தம் கண்ணைச் சுட்டினார். எழுத்தர் 'ஆம்' என்று பதிந்துகொண்டார்.

71 பேர் ஆதரிக்க, 29 பேர் எதிர்க்க, பேச்சு நின்றது. ஜூலை 2ஆம் நாள் சட்டம் கையெழுத்தாயிற்று. அம்மாதம் 30ஆம் நாள் எங்கில் மறைந்தார்.