பூச்சி மாத்திரை வேறு, இதயப்புழு மருந்து வேறு



“எங்கள் வீட்டு நாய்க்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறை பூச்சி மாத்திரை கொடுத்துத்தான் வருகிறோம். பிறகு எப்படி இதயத்தில் புழு வரும்?” நாய் வளர்ப்பவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், இந்தக் குழப்பம் தீராதவரை நம் நாய்களுக்குப் பாதுகாப்பில்லை.

குடற்புழு வயிற்றில் இருப்பது. இதயப்புழு இரத்தத்தில் வாழ்வது. குடற்புழுவுக்குக் கொடுக்கும் பைரண்டெல், பிராசிகுவாண்டெல் போன்ற மருந்துகள் இதயப்புழுவைத் தடுக்காது.

இந்தப் புழுவைக் கொண்டுவருவது கொசு. நோயுள்ள நாயைக் கடிக்கும்போது அதன் இரத்தத்திலுள்ள குட்டிப் புழுக்கள் கொசுவுக்குள் போகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டே வாரத்தில் அவை தொற்றும் பருவத்தை அடைகின்றன. அதே கொசு அடுத்த நாயைக் கடிக்கும்போது, கடிவாய் வழியாக அவை உடலுக்குள் நுழைந்துவிடுகின்றன. அங்கே சுமார் ஆறு மாதம் வளர்ந்து, நுரையீரல் இரத்தக் குழாய்களிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் குடியேறுகின்றன. பெண் புழு, பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோல் அளவுக்கு, 30 செண்டிமீட்டர் வரை வளரும். 5 முதல் 7 ஆண்டுகள் உயிர்வாழும்.

இதில் வேதனை என்னவென்றால், தொடக்கத்தில் நாய் நன்றாகவே இருக்கும். சாப்பிடும், வாலாட்டும், கேட் அருகே நின்று குரைக்கும். இருமல், சீக்கிரம் களைப்பு, மெலிவு, வயிறு வீக்கம் ஆகியவை தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

சிகிச்சை இல்லையா? இருக்கிறது. மெலார்சோமின் எனும் ஆர்சனிக் கலந்த ஊசியை முதுகுத் தசையில் போடுவார்கள். மடியும் புழுக்களின் துண்டுகள் நுரையீரல் குழாய்களை அடைத்துவிடக்கூடும். எனவே, நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் அடைத்து வைக்க வேண்டும். செலவும் அதிகம், நாய் படும் பாடும் அதிகம்.

தடுப்பதோ எளிது. 1987-ஆம் ஆண்டு முதல் ஐவர்மெக்டின் மாத மருந்து நாய்களுக்குக் கிடைத்து வருகிறது. இன்று மெல்லும் மாத்திரை, கழுத்தின் பின்புறத் தோலில் விடும் சொட்டு மருந்து, கால்நடை மருத்துவர் போடும் நீண்டகால ஊசி எனப் பல வகைகள் உள்ளன. மாத மருந்து கடந்த ஒரு மாதத்தில் நுழைந்த இளம் புழுக்களைக் கொல்கிறது. ஆனால், வளர்ந்துவிட்ட புழுவுக்கு அது தடுப்பாகாது. அதனால்தான் தேதி தவறக்கூடாது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கொசு குறையும். மலேசியாவில் பன்னிரண்டு மாதமும் கொசு உண்டு. ஆகவே, மருந்தும் பன்னிரண்டு மாதமும் வேண்டும்.

“எங்கள் நாய் வெளியே போவதே இல்லை” என்று சொல்லலாம். நாய் வெளியே போகாவிட்டாலும் கொசு உள்ளே வருமே! டிங்கியைத் தடுக்க வாளி, பூச்சட்டித் தட்டு, கால்வாய் ஆகியவற்றில் தேங்கிய நீரை அகற்றுகிறோம். அது நாய்க்கும் நல்லது. ஆனால், அது மட்டும் போதாது.

மேலும் மூன்று விஷயங்கள். முதலாவது, குட்டிக்கு எட்டு வார வயதிலேயே தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். ஏழு மாதம் கடந்த நாய்க்கு முதலில் இரத்தப் பரிசோதனை அவசியம். இரண்டாவது, இடையில் மருந்து தவறியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடனே ஒரு பரிசோதனையும், ஆறு மாதம் கழித்து மறு பரிசோதனையும் தேவைப்படும். மூன்றாவது, ஆடு மாடுகளுக்கான ஐவர்மெக்டினைக் குத்துமதிப்பாக அளந்து கொடுக்காதீர்கள். நாய்க்குத் தேவையான அளவு மிக மிகச் சிறியது. அளவு மீறினால் நரம்பு பாதித்து உயிரே போகலாம். கோலி போன்ற இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நேயர்களே, இது ஒரு வீட்டோடு முடியும் நோயன்று. தொற்றுள்ள ஒரு நாயின் இரத்தத்திலிருந்துதான் அண்டை வீட்டு நாய்க்கும் புழு போகிறது. நம் நாயைக் காப்பது அந்தத் தெருவில் உள்ள நாய்களையும் காப்பதாகும்.

எனவே, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். “இது குடற்புழுவுக்கா, இதயப்புழுவுக்கா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு நாட்காட்டியில் மாதத்திற்கு ஒரு தேதியை வட்டமிடுங்கள். தனக்கு என்ன நோய் என்று நாய் வாய் திறந்து சொல்லாது. அதற்காக நாம்தான் நாளை நினைவில் வைத்திருக்க வேண்டும்.