ஒன்பதாம் இடம்



உடப்பிலிருந்து கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய், வெறுங்கையுடன் திரும்பும் பிள்ளையின் முகத்தை நாம் அறிவோம். மறுநாள் அவன் கடற்கரையிலும் தலைகாட்டான். அவனுக்காகவே இதைச் சொல்கிறோம்.

எம் முன்னோர் புறப்பட்டு வந்ததாகச் சொல்லப்படும் இராமேசுவரத்தில் 1931இல் பிறந்தவர் அப்துல் கலாம். விமானப் பொறியியல் கற்ற அவர், விமானப்படையில் சேர விரும்பி, 1958இல் இமயத்து அடிவாரமாகிய டேராடூனுக்குச் சென்றார். பரீட்சைக்கு நின்றோர் 25 பேர். எடுக்கப்பட்டோர் 8 பேர். கலாமுக்கு ஒன்பதாம் இடம்! மனமுடைந்து ரிஷிகேசம் சென்றவரை, பத்தமடையில் பிறந்த தமிழரான சுவாமி சிவானந்தர் தேற்றி அனுப்பினார்.

கலாம் நேரே டில்லிக்குப் போனார். டேராடூனுக்கு முன்னரே அங்கே வேறோர் உத்தியோகத்துக்கும் நேர்முகப் பரீட்சைக்கு நின்றிருந்தார், அது கிடைத்தது. விமானம் ஓட்ட நினைத்தவர், ஆக்கும் தொழிலுக்கு வந்தார். 1980இல் ரோகிணியை விண்ணேற்றிய எஸ்.எல்.வி.-3 திட்டத்துக்கு அவரே தலைவர். 2002இல் பாரத நாட்டின் ஜனாதிபதியுமானார்.

தம்பிமாரே, ஒரு கதவைத் தட்டும்போதே இன்னொன்றையும் தட்டி வையுங்கள். பெற்றோரே, திரும்பி வரும் பிள்ளைக்கு முதலில் சோறு போடுங்கள். கற்றதை வேறெங்கே பயன்படுத்தலாம் என்று பிறகு எல்லோரும் கூடியிருந்து யோசிப்போம்.