ஆணையில் யார் கையெழுத்து?

இன்று சட்டப் பட்டம் பெறும் என் இளைய தோழர்களே,

இனி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு கறுப்பு அங்கி போடப் போகிறீர்கள். உங்களில் சிலருக்கு வெகு சீக்கிரமே ஒரு வழக்குக் கட்டு வரும். குற்றப்பத்திரிகையோடு ஒரு குறுந்தகடும், தொலைபேசிப் பேச்சின் எழுத்துப்படியும் அதில் இருக்கும். அந்தக் கட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஒட்டுக்கேட்பே கூடாது என்பவன் அல்ல நான். 1998 பிப்ரவரி 14-ல் கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அந்தத் துயரம் இன்னும் பல வீடுகளில் ஆறவில்லை. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள், எல்லைக்கு அப்பால் இருந்தவர்களிடம் போனில் உத்தரவு கேட்டுக் கேட்டுச் சுட்டார்கள். அந்தப் பேச்சை நம் காவல்துறை பதிவு செய்தது. சதியை நடத்தியவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதை நீதிமன்றத்தில் காட்ட அது பெரிதும் உதவியது. இப்படிக் கேட்கும் அதிகாரம் அரசுக்குத் தேவை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அச்சமான காலத்தில் எழுதப்படும் சட்டம், எதற்காக எழுதப்பட்டதோ அதோடு நிற்பதில்லை. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலம் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக ம.தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோ அந்தச் சட்டத்தில் கைதானார். 19 மாதம் சிறையில் இருந்தார். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். பொடா வந்தபோது அவர் கட்சியும் ஆளும் கூட்டணியில் இருந்து அதை ஆதரித்தது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கண்காணிப்புக்கு வருகிறேன். நம் நாட்டில் ஒட்டுக்கேட்பு நெடுங்காலம் 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் கீழ் நடந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதற்கு முறையான கட்டுப்பாடுகள் இல்லாததைச் சுட்டிக்காட்டி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில நெறிமுறைகளை வகுத்தது. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும், சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று ஏற்கவில்லை. அன்று திறந்து விட்ட அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024-ல் புதிய விதிகளும் வந்தன. இன்றும் ஒட்டுக்கேட்பு ஆணையில் கையெழுத்திடுபவர் உள்துறைச் செயலாளர்தான். ஓர் ஆணை 60 நாள் செல்லும்; நீட்டித்தால் 180 நாள் வரை. அதைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவுக்கு மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைவர், மாநிலத்தில் தலைமைச் செயலாளர். மற்ற உறுப்பினர்களும் அரசுச் செயலாளர்களே. அனுமதி கேட்பதும் அரசு, கொடுப்பதும் அரசு, கொடுத்தது சரியா என்று பார்ப்பதும் அரசு.

அந்தப் பார்வை எப்படிப்பட்டது? நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் அதன் முன் வருகின்றன. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் 28,800 விநாடி. ஓர் ஆணைக்கு இரண்டு விநாடிகூட முழுதாகக் கிடைக்காது. அந்த நேரத்தில் அதிலுள்ள போன் நம்பரைக்கூட வாசித்து முடிக்க முடியாது. ஒருவர் மனைவியிடம், மருத்துவரிடம், வழக்கறிஞரிடம் பேசியதெல்லாம் அந்த ஒரு நம்பருக்குள் இருக்கிறது. நேர்மையான அதிகாரிகளாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது. முறையே தவறு.

நீதிபதியை நடுவில் வைத்தால் நாட்டின் பாதுகாப்பு கெட்டுவிடும் என்பார்கள். பிரிட்டன் பயங்கரவாதத்தை நன்றாகவே அறிந்த நாடு. அங்கே 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்ட பிறகு, நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஒப்புதல் தர வேண்டும். அவசரம் என்றால் முதலில் தொடங்கிவிட்டுச் சில நாட்களுக்குள் அவரிடம் போகலாம். ஆக, அவசரத்துக்கும் வழி இருக்கிறது.

2017-ல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. எண்பது வயதைத் தாண்டிய பிறகு மனுவோடு வந்தவர். அந்தத் தீர்ப்பின் வலிமை நம் ஊரிலேயே தெரிந்தது. 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தார். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டுமே சட்டம் இடம் தருகிறது. சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகக் கேட்க முடியாது என்றார். ஒட்டுக்கேட்டவை மறுஆய்வுக் குழு முன் வைக்கப்படவே இல்லை என்பதும் அந்த வழக்கில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்புதான் தில்லி உயர் நீதிமன்றம் இதில் வேறு நிலைப்பாடு எடுத்திருந்தது. எனவே சட்டம் இன்னும் முடிந்த முடிவாகவில்லை. இனி வாதாடப் போகிறவர்கள் நீங்கள்.

ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 46-வது பிரிவை இன்று இரவே ஒருமுறை படியுங்கள். ஒட்டுக்கேட்ட பேச்சைச் சாட்சியமாக வைக்க வேண்டுமானால், அதற்கான ஆணையின் நகலை விசாரணைக்குப் பத்து நாள் முன்பாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம் தர வேண்டும் என்கிறது அது. நீதிபதி அந்த அவகாசத்தை விலக்கவும் முடியும். அதனால் யாரும் கேட்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு கரைந்துபோகும். கட்சிக்காரர் மீது என்ன குற்றச்சாட்டு இருந்தாலும், ஊரே அவரைப் பயங்கரவாதி என்று சொன்னாலும், எழுந்து நின்று கேளுங்கள்: ஆணை எங்கே, யார் கையெழுத்து, என்ன காரணம் எழுதியிருக்கிறது, மறுஆய்வுக் குழு எந்தத் தேதியில் பார்த்தது? உங்களில் சிலர் நாளை அரசு வழக்கறிஞராகவோ, நீதிபதியாகவோ, உள்துறையில் அதிகாரியாகவோ இருப்பீர்கள். இந்தக் கேள்விகள் உங்களை நோக்கி வரும்போது எரிச்சல் படாமல் கோப்பை எடுத்துக் காட்டுங்கள்.