கைப்பூட்டும் அதிலிருந்து மீளும் வகையும்

மற்போர்க் கலைகளுள் ஒரு பிடி உண்டு. அதனை இடுபவர் மெலிந்தவராயிருக்கலாம். அதில் அகப்பட்டவர் மலைபோன்ற உடம்பினராயிருக்கலாம். ஆயினும் பிடி சரியாக விழுந்துவிட்டால் உடம்பின் பருமனுக்கு அங்கே மதிப்பில்லை. ஜப்பானியர் இதனை ஜூஜி கதாமே என்பர். பத்து என்னும் எண்ணை அவர்கள் எழுதும் சிலுவை வடிவக் குறியைப் போல, இருவர் உடலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் ஆம்பார் என வழங்குவர். பிறேசில் நாட்டார் கையைப் பூட்டும் பிடிகளைத் தமது போர்த்துக்கேய மொழியில் சாவே டி பிறாசோ என்கின்றனர். கையின் சாவி என்பது அதன் பொருள். தமிழகத்தார் வழங்கும் சாவி என்னும் சொல் இந்தப் போர்த்துக்கேயச் சாவேயிலிருந்து வந்ததே. நாம் இங்கே திறப்பு என்கிறோம். ஆனால் நம்மவருள் அடிமுறை பயிற்றுவோர் இத்தகைய பிடிகளுக்கு இட்ட பெயர் பூட்டு. அவர்கள் சாவி என்றதை நாம் பூட்டு என்றோம். பார்க்கும் பக்கம் வேறு, அவ்வளவே. இந்தப் பேச்சில் கைப்பூட்டு என்றே சொல்லிச் செல்கிறேன். அதனை இடுவது எவ்வாறு என்பதை விளக்க நான் வரவில்லை. அகப்பட்ட கையை மீட்பது எவ்வாறு என்பதே இன்றைய பொருள்.

முதலில் பூட்டின் அமைப்பை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். எதிராளி அவருடைய வலப்பக்கத்தில், குறுக்காக அமர்ந்து பின்னே சாய்ந்திருக்கிறார். எதிராளியின் ஒரு கால் கிடப்பவரின் மார்பின் மேலும், மற்றக் கால் முகத்தின் மேலும் கிடக்கின்றன. கிடப்பவரின் வலக்கை அவ்விரு தொடைகளுக்கும் நடுவே நீண்டு செல்கிறது. அவருடைய மணிக்கட்டை எதிராளி இரண்டு கைகளாலும் பற்றித் தன் மார்போடு அணைத்திருக்கிறார். பெருவிரல் வானத்தை நோக்கியிருக்கிறது. முழங்கையின் பின்புறம் எதிராளியின் அடிவயிற்றின் மேல் படிந்திருக்கிறது. இனி அவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: இடுப்பை மேலே உயர்த்துவது.

தோட்டத்தில் கல் புரட்டுகிறவர்கள் அலவாங்கின் கீழே சிறிய கல்லொன்றை அணையாக வைப்பார்கள் அல்லவா? அந்த அணைகல்லின் வேலையை இங்கே எதிராளியின் இடுப்பு செய்கிறது. அலவாங்கு, அகப்பட்டவரின் கையேதான். அலவாங்கு என்னும் நம்முடைய சொல்லும் போர்த்துக்கேயத்தில் நெம்புகோலைக் குறிக்கும் அலவாங்கா என்பதன் வழிவந்தது. பிறேசில் ஆசிரியர்கள் இக்கலையை விளக்கும்போது ஓயாது சொல்லும் சொல்லும் அதுவே. முழங்கை ஒரு பிணைச்சல் போன்ற மூட்டு. கதவு ஒரு பக்கமே மடிவதுபோல அது ஒரு பக்கமே மடியும். கை நேராக நீண்டபின் அதனை மேலும் வளையாமல் தாங்கி நிற்பவை மூட்டைச் சுற்றிய தசைநார்களும் உறையுமே. எதிராளியின் இடுப்பு, முதுகு, தொடை ஆகிய உடலின் மிகப் பெரிய தசைகளெல்லாம் ஒன்றுகூடி அந்த ஒரு மூட்டின்மேல் வந்து விழுகின்றன. மல்லாந்தவர் எத்தகைய பயில்வானாயினும் இந்தக் கணக்கு அவருக்குச் சாதகமாக முடியாது.

இந்தப் பிடி பிறேசிலுக்குப் போன வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். ஜிகோரோ கானோ 1882 இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கி, பழைய ஜியூஜிட்சுப் பிடிகளைச் சீர்செய்து ஜூடோ என்னும் கலையை அமைத்தார். அப்பள்ளியிற் பயின்ற மித்சுயோ மயேடா 1914 இல் பிறேசிலை அடைந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிறேசியும், அவர் தம்பி ஹேலியோவும் நிலத்திற் கிடந்து பொருதும் பகுதியையே பெரிதும் வளர்த்தனர். ஹேலியோ உடல் மெலிந்தவர். ஆகையால் வலிமையிலும் நெம்புகோலையே அவர் நம்பினார். 1951 ஒக்டோபரில் றியோ டி ஜனெய்ரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய வீரர் மசாகிகோ கிமுரா அவரை ஒரு பூட்டில் அகப்படுத்தினார். ஹேலியோ பணிய மறுத்துவிட்டார். அண்ணன் கார்லோசே அவர் சார்பிற் போட்டியை முடித்துவைத்தார். அது கையை மடக்கித் திருகும் வேறொரு பூட்டு. பிறேசிலார் பின்னர் அதற்குக் கிமுரா என்றே பெயரிட்டனர். தம்மை வென்றவரின் பெயரை ஒரு பிடிக்கு இட்டு வழங்கிய பெருந்தன்மையை இங்கே குறிப்பிடாமற் போக மனமில்லை.

இனி மீளும் வகைக்கு வருவோம். புதிதாகப் பயில வருகிறவர் எதிராளிக்குக் கீழே கிடக்கும்போது இயல்பாக என்ன செய்வார்? இரு கைகளையும் நீட்டி, மேலேயிருப்பவரின் மார்பிலே ஊன்றித் தள்ளுவார். கீழே விழுந்த குழந்தையும் அதையே செய்யும். ஆனால் இக்கலையில் நீட்டிய கை, கொடுத்த கை. ஆகையாற் காப்பின் பெரும்பகுதி பூட்டு விழுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது: முழங்கைகள் விலாவை விட்டு அகலக்கூடாது. இதனைப் பயிற்சி ஆசிரியர்கள் முதல் நாளிலேயே சொல்லுவார்கள். மாணவரின் கைகள் அதனை நம்புவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

எதிராளி அமர்ந்துவிட்டார், கை இன்னும் மடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அகப்பட்டவர் தம்முடைய இரு கைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துக்கொள்ள வேண்டும். விரல்களைக் கோத்துக்கொள்வது தவறு. எளிதிற் பிரிக்கலாம், விரலும் நோகும். அகப்பட்ட கை மற்றக் கையின் மேற்புயத்தைப் பற்ற, மற்றக் கை குறுக்கே வந்து அதனை அணைத்துக்கொள்வது உறுதியான முறை. எனினும் ஒன்றை மறந்துவிடக்கூடாது. பிணைப்பு மீட்சியன்று, அது வாங்கிய தவணை. எதிராளி முதுகின் முழுப் பாரத்தோடும் பின்னே சாய்ந்து இழுத்துக்கொண்டிருக்கிறார். நம்முடைய புயமோ நேரம் செல்லச் செல்லத் தளர்கிறது. பிணைத்துக்கொண்டு, அப்பாடா என்று கிடப்பவர் தம்முடைய தோல்வியைச் சிறிது தாமதப்படுத்தினார், அவ்வளவுதான்.

அந்தத் தவணைக்குள்ளே செய்யவேண்டியது என்ன? முகத்தின்மேல் கிடக்கும் காலை முதலிற் கவனிக்க வேண்டும். மார்பின்மேல் உள்ள காலைப் பற்றியே புதியவர்கள் கவலைப்படுவர். ஆனால் எழுந்து உட்காரவொட்டாமல் நம்மைத் தரையோடு அழுத்துவது முகத்தின்மேல் உள்ள கால்தான். கைப்பிணைப்பை விடாமலே பாதங்களை ஊன்றி, இடுப்பைப் பாலம்போல உயர்த்தித் தலையை அக்காலின் கீழிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். தலை வெளிவந்ததும் அந்தக் கால் திரும்பி வராதபடி பிடரியால் அதனை அழுத்திக்கொண்டு, எதிராளியை நோக்கித் திரும்பி முழந்தாளில் எழலாம். சிலுவை வடிவம் அப்போதே குலைந்துவிடும்.

எழுந்தபின், அல்லது எதிராளி தாமே கீழே கிடந்து மேலேயிருப்பவரின் கையைப் பூட்ட முயலும்போது, வேறொரு விதி வருகிறது. கையை வெடுக்கெனப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. இதற்குக் காரணம் எளிது: பின்னுக்கு இழுத்தாற் கை நீளும். எதிராளி விரும்புவதும் அதுவேயன்றோ? மாறாக முன்னுக்குச் செல்லவேண்டும். உடலின் பாரம் முழுவதையும் அவர் தொடைகளின்மேல் ஏற்றி, அவருடைய முழங்கால்கள் அவர் முகத்தருகே மடங்கும்படி குவித்துவிட வேண்டும். அவ்வாறு மடிந்து கிடப்பவரால் இடுப்பை உயர்த்த முடியாது. அணைகல் இல்லாத அலவாங்கு வெறும் இரும்புத்தடி. பின்னர் முழங்கை இரண்டு மூன்று அங்குலம் நம் பக்கமாக நழுவி அவருடைய இடுப்பைக் கடந்துவிட்டாற் போதும். அழுத்தம் அதன்பின் மூட்டின்மேல் விழாமல் முன்கை எலும்பின்மேல் விழும். ஓரிரண்டு அங்குலத்திற்காகவே இவ்வளவு போராட்டமும் நடைபெறுகின்றது.

பிணைப்பும் அறுந்து கையும் நீண்டுவிட்டதென்றால் இன்னும் ஒரே ஒரு வழி இருக்கிறது. பெருவிரல் மேலே நோக்கியிருக்க, முழங்கையின் முனை எதிராளியின் இடுப்பை நோக்கியிருந்தாற்றான் பூட்டு வேலைசெய்யும் என்று சொன்னேன். ஆகவே கையைச் சுழற்றி, பெருவிரலை நம் தலைப்பக்கத்துத் தரையை நோக்கித் திருப்பிவிட்டால் மூட்டின் திசை மாறிவிடும். கை திரும்பிய திசையிலேயே உடலும் தோளின்மேல் உருண்டு, கால்கள் ஓடிச் சுற்றிக் குப்புற வந்துவிட வேண்டும். வீதியோரத்தில் நின்று பெருவிரலை நீட்டி வாகனங்களில் இலவசமாக ஏறிச்செல்லும் வழிப்போக்கரின் பெயரை மேல்நாட்டார் இந்த முறைக்கு இட்டிருக்கின்றனர். பெயர் வேடிக்கையானது, முறை வேடிக்கையானதன்று. ஒரு கணம் முந்தினாற் கை தப்பும். ஒரு கணம் பிந்தினால் உருளுகிறவரின் உடற்பாரமே அவருடைய மூட்டைத் திருகிவிடும். வானொலியிற் கேட்டு வீட்டிற் செய்துபார்க்கத் தக்கதன்று இது. ஆசிரியர் ஒருவர் அருகிலிருக்க, மெதுவாகப் பழகவேண்டியது.

இவையெல்லாம் பயனற்றுப்போகும் நேரமும் உண்டு. அதற்கென்றே இக்கலையார் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றனர். எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று முறை தட்டினாற் போதும். பிடி அப்பொழுதே தளரும். இரு கைகளும் அகப்பட்டிருந்தால் வாயாற் சொல்லலாம். இந்த ஏற்பாடு இருப்பதனாலேயே மூட்டை முறிக்கவல்ல பிடியொன்றை நண்பர்கள் இருவர் மாலைதோறும் பழகிவிட்டு, முழுக்கைகளோடு வீடு திரும்ப முடிகிறது.

தட்டாதவர்களின் கதை வேறு. 2004 ஆம் ஆண்டு றியோவில் நடைபெற்ற உலகப் பிறேசில் ஜியூஜிட்சுப் போட்டியின், எடைப்பிரிவற்ற இறுதியாட்டத்தில் றோஜர் கிறேசியும், முதலை என்னும் பொருள்பட ஜக்கரே என அழைக்கப்பட்ட றொனால்டோ சூசாவும் மோதினர். ஜக்கரே புள்ளிகளில் முன்னின்றார். அப்போது றோஜர் அவரைக் கைப்பூட்டில் அகப்படுத்தினார். முழங்கை சிதைந்தது. ஜக்கரே தட்டவில்லை. பூட்டிலிருந்து எப்படியோ விடுபட்டு, சிதைந்த கையை இடுப்புப் பட்டியினுள்ளே செருகிக்கொண்டு, எஞ்சிய நேரத்தை ஒற்றைக் கையோடு ஓட்டி, வாகை சூடினார். இச்செயலைப் புகழ்ந்து பேசுவோர் பலர். அவருடைய நெஞ்சுரத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஓர் உலகப் பட்டத்திற்காக ஒருவர் எடுத்த முடிவை, ஊர்ப் பயிற்சிக்கூடத்திற் பழகும் பதினாறு வயது இளைஞர் முன்மாதிரியாகக் கொள்ளுவாராயின் அது பெரும் கேடு.

அதே ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவில் இன்னொரு நிகழ்ச்சி. பிராங் மியர், ரிம் சில்வியா ஆகிய இரு பேருடலினர் மோதிய ஆட்டம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. மியர் இட்ட கைப்பூட்டில் சில்வியாவின் கை முறிவதைக் கண்ட மத்தியஸ்தர் ஹேர்ப் டீன் உடனே இடையிற் பாய்ந்து ஆட்டத்தை நிறுத்தினார். தமக்கு ஒன்றுமில்லை என்று சில்வியா வாதாடினார். ஆட்டம் காணவந்தோர் மத்தியஸ்தரை ஏளனம் செய்தனர். படத்தை மீண்டும் மெதுவாக ஓட்டிக் காட்டியபோதுதான் உண்மை எல்லோருக்கும் விளங்கிற்று. முறிந்தது முழங்கை மூட்டன்று, முன்கை எலும்பு. அழுத்தத்தை மூட்டிலிருந்து எலும்புக்கு மாற்றிவிட்டால் தப்பினோம் என்று சற்றுமுன் சொன்னேனல்லவா? பெரும்பாலும் அது மெய். எலும்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பூட்டினாலேயே உலகப் புகழ்பெற்ற பெண்மணி றொண்டா றௌசி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் பெற்றவர். அவருடைய தாயார் 1984 இல் ஜூடோ உலகப் பட்டம் வென்றவர். அமெரிக்கருள் அப்பட்டத்தை முதலிற் பெற்றவரும் அவரே. காலையில் மகளைக் கட்டிலிலேயே பூட்டிட்டு எழுப்புவது அவர் வழக்கமாம். நம் வீடுகளிற் கோப்பி கொடுத்து எழுப்புவார்கள்.

2012 மார்ச்சில் றௌசியை எதிர்த்தவர் மீஷா டேட். அந்த ஆட்டத்தின் முதற்சுற்றில், தொடக்கத்திலேயே விழுந்த ஒரு பூட்டிலிருந்து டேட் மீண்டுவிட்டார். அச்சுற்று முடிவதற்குள் இரண்டாவது பூட்டு விழுந்தது. மூட்டு வளையவேண்டாத பக்கமாக வளைவதை அரங்கமே கண்டது. அதன் பின்னரே அவர் தட்டினார். 2013 டிசெம்பரில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். அதுவரை றௌசியின் எதிராளிகளுள் முதற்சுற்றைத் தாண்டியவர் எவருமிலர். டேட் இம்முறை பூட்டு முயற்சிகளிலிருந்து நழுவி நழுவி மூன்றாம் சுற்றுவரை வந்துவிட்டார். அங்கே மறுபடியும் கை அகப்பட்டது. அவர் காத்திருக்கவில்லை, உடனே தட்டிவிட்டார். பின்னர் 2016 மார்ச்சில், றௌசியை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்திருந்த ஹொலி ஹோமை, பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடியால் வென்று, அந்தப் பட்டத்தை டேட் தமதாக்கிக்கொண்டார். அன்று ஹோம் தட்டவில்லை. காற்றிலே குத்துவிட்டபடியே நினைவிழந்தார்.